வருடத்துக்கு ஒருநாள் வரும் காய்ச்சல்

சேர்,

நேற்றுப் பின்னேரம் உங்கள் மகன் என் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் கதிரையில் உட்காரும் முன்னரே அந்த மணம் விறாந்தை முழுக்கப் பரவிவிட்டது. அதே ரோசாப் பவுடர். கழுத்தில் அப்பியிருந்தது வேர்வையில் கரைந்து கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது. உங்களை எரித்தாயிற்று, சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று, இனியாவது இந்த மணத்திலிருந்து விடுதலை கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் அதைக் குடும்பச் சொத்தாக விட்டுப் போயிருக்கிறீர்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறார்களாம். இறந்தவரின் படத்தை முன்னட்டையில் போட்டு, உள்ளே தேவாரத்தையும் அவருடைய பெருமைகளையும் சேர்த்து, சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுத்தனுப்புவார்களே, அந்தச் சிறு புத்தகம். அதற்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டும் என்றார் மகன். "அப்பாவோட ஆரம்பத்தில படிப்பிச்ச ஆக்களில இப்ப நீங்கள் ஒருத்தர்தான் ரீச்சர் மிச்சம். அந்தத் திக்குவாய்ப் பிள்ளையை அப்பா சித்தியடைய வைச்ச கதையை நீங்கள்தான் எழுதவேணும்" என்றார். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர் எனக்குப் புரையேறிவிட்டது. அந்தக் கதை உங்கள் வீட்டில் இத்தனை வருடமும் இப்படித்தான் ஓடியிருக்கிறது என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரியும்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கட்டுரையாக வராது போலிருந்தது, அதனால் உங்களுக்கே மடலாக எழுதுகிறேன். உயிரோடு இருக்கும்போது நான் சொல்லத் தொடங்கியவற்றையெல்லாம் கையைத் தூக்கி நிறுத்திவிடுவீர்கள். இப்போது கை தூக்க ஏலாது.

இறக்கக்கண்டிக்கும் அப்பால், களப்பு கடலோடு சேரும் இடத்தில் இருந்த அந்தச் சின்னப் பட்டினத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. இப்போது அங்கே படிக்கும் பிள்ளைகள் உங்களுக்காக வெட்கப்படவேண்டிய தேவை இல்லை. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நான் பயிற்சிக் கலாசாலையிலிருந்து நேராக வந்திறங்கிய புது ரீச்சர். நீங்கள் தலைமை வாத்தியார். வெள்ளை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத சால்வை, பக்கத்தில் வந்தால் ரோசா மணம். முதல்நாள் என்னைக் கூப்பிட்டு நீங்கள் சொன்ன புத்திமதி இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. "ரீச்சர், பள்ளிக்கூடம் எண்டது வித்தியாதரிசி வாற ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் அதுக்கு ஒத்திகை." பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வருகிற அந்த வித்தியாதரிசி எந்த மாதம் வருவார் என்பது தெரியும், எந்த நாள் என்பது தெரியாது. ஆனால் அவர் திருகோணமலையிலிருந்து வரும் ஜீப் எங்கள் களப்பைக் கடந்துதான் ஆகவேண்டும். பாலம் கிடையாது. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். இரண்டு தோணிகளைப் பிணைத்து மேலே பலகை பரப்பி, கரைக்குக் கரை கட்டிய வடத்தை ஆட்கள் பிடித்து இழுத்துக் கொண்டுவருவார்கள். அக்கரையில் ஜீப் வந்து நின்றதும் துறையடித் தேத்தண்ணிக் கடைக்காரர் சைக்கிளில் ஏறி மணியடித்துக்கொண்டு நம்முடைய பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுவார். பள்ளிக்கூடத்து வைபவங்களுக்கு எல்லாம் தேத்தண்ணி அவர் கடையில்தான். பாதை அக்கரைக்குப் போய் ஜீப்பை ஏற்றிக்கொண்டு திரும்புவதற்குள், உங்களுக்குத் தேவையான நேரம் தாராளமாகக் கிடைத்துவிடும்.

அந்த நேரத்தில் நீங்கள் செய்த வேலையைக் கல்வெட்டில் எப்படி எழுதுவார்களோ தெரியாது. அலுமாரியைத் திறந்து பவுடர் ரின்னை எடுப்பீர்கள். பிள்ளைகள் இருக்கும் நீள இருக்கைகளில் வாங்கு வாங்காகப் போய் அவர்களின் முகத்தில் உங்கள் கையாலேயே பூசுவீர்கள். "முகம் வெளிச்சமா இருந்தால் மூளையும் வெளிச்சமா இருக்கிற மாதிரித் தெரியும்" என்பது உங்கள் ஆராய்ச்சி முடிவு. வெயிலில் கறுத்த அந்தச் சின்ன முகங்கள் எல்லாம் அரிசிமாவில் பிரட்டிய சூடை மீன் போல வரிசையாக இருக்கும். ஆனால் எல்லாருக்கும் பூசமாட்டீர்கள். வாசிக்கத் தடுமாறுகிறவன், கணக்குப் பிழைக்கிறவள், அடிக்கடி வராதவன், இவர்களிடம் வந்ததும் உங்கள் கை தாண்டிப் போய்விடும். தாண்டப்பட்ட பிள்ளை எழும்பிச் சிலேற்றை எடுத்துக்கொண்டு பின்கதவால் வெளியே போய்விடும். யாரும் போ என்று சொல்வதில்லை, அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தீர்கள்.

வரவுப் புத்தகத்தில் அவர்கள் எல்லாருக்கும் காய்ச்சல். வருடத்துக்கு ஒருநாள் எங்கள் ஊருக்கு வரும் அந்தக் காய்ச்சல் மொக்குப் பிள்ளைகளை மட்டும் பார்த்துப் பிடிக்கும், வித்தியாதரிசி போனதும் இறங்கிவிடும். யாராவது வழியில் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்றும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் ஒழுங்காகப் படிப்பித்த ஒரே பாடம் அதுதான். மிச்சம் இருந்து சோதிக்கப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் சித்தி. நூற்றுக்கு நூறு. திருகோணமலைக் கல்விக் கந்தோரில் உங்கள் பெயரைச் சொன்னால் எழும்பி நிற்பார்களாம், நீங்களே சொன்னீர்கள்.

இனி அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். பூரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயர் அதுவல்ல. உங்களுக்குச் சொந்தப் பெயர் தெரிந்திருக்கவும் நியாயமில்லை, ஐந்து வருடமும் "ஏய் திக்குவாய்" என்றுதானே கூப்பிட்டீர்கள். பெரிய கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். கணக்கில் இடைக்கிடை சறுக்குவாள். ஆனால் எழுத்து சுத்தம், சொல்வதெழுதுதலில் பிழை வராது. வாயைத் திறந்தால் மட்டும் முதல் எழுத்து பல்லுக்குப் பின்னால் நின்றுவிடும். அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் அது. நம்முடைய பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பில்லை. வித்தியாதரிசி சோதித்துச் சித்தி என்று போட்டால் திருகோணமலைப் பள்ளிக்கூடத்தில் சேரலாம். போடாவிட்டால் அதோடு சரி. அவளுடைய தகப்பன் ஒருநாள் வலையைத் தோளில் போட்டபடி வந்து என்னிடம் சொன்னார்: "இந்த முறை பிள்ளை பாசெண்டால் திருகோணமலையில என்ர தங்கச்சி வீட்டில விட்டுப் படிப்பிப்பன், ரீச்சர். இல்லையெண்டால் கருவாட்டு வாடியில நிக்கட்டும். இன்னொரு வருசம் வைச்சிருக்க எனக்கு ஏலாது." அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அவளுக்கு ஒரு வாய்ப்பாவது வைத்திருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. காலைப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது சைக்கிள் மணி கேட்டது. "வாத்தியார், வந்திட்டார், வந்திட்டார்!" நீங்கள் அலுமாரிக்கு ஓடினீர்கள். ஐந்தாம் வகுப்புக்கு வந்தீர்கள், வாங்கு வாங்காகப் பூசிக்கொண்டு போனீர்கள். பூரணத்திடம் வந்ததும் கை தாண்டியது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். பூரணம் எழும்பவில்லை. முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

நான் உங்கள் கையிலிருந்த ரின்னை வாங்கினேன். பறித்தேன் என்றுதான் நீங்கள் பிறகு எல்லாரிடமும் சொன்னீர்கள், அதுவும் சரிதான். அவள் நெற்றியிலும் கன்னத்திலும் பூசினேன்.

"நீர் என்ன செய்யிறீர்?" என்றீர்கள்.

"இவளை விட்டிட்டியள், சேர்."

"விட்டது தெரிஞ்சுதான் விட்டனான். இவள் வாயைத் திறந்தால் என்ர நூறும் போச்சு."

பூரணம் உங்களுக்கு மறுமொழி சொல்லப் பார்த்தாள். "நா... நா..." என்று தொடங்கினாள், அதற்கு மேல் வரவில்லை. "பாத்தீரே?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள், ஏதோ நிரூபித்துவிட்டது போல. பிறகு உங்கள் சால்வை நுனியை எடுத்து, அவள் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நான் பூசியதை அழுத்தித் துடைத்தீர்கள். நெற்றி, கன்னம், மூக்கு, ஒரு இடம் விடவில்லை. நானும் எத்தனையோ மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், சேர். கோபத்தில் பிள்ளைகளை அடித்த வாத்தியார்மாரைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் சிலரை மன்னித்தும் இருக்கிறேன். கோபமே இல்லாமல், மேசையைத் துடைப்பதுபோல ஒரு பிள்ளையின் முகத்தைத் துடைத்த ஆள் நீங்கள் ஒருவர்தான். அவள் எழும்பிப் பின்கதவால் போனாள்.

வித்தியாதரிசியிடம் நானே சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஐந்தாம் வகுப்புக்குள் நுழையும்போது, "ரீச்சருக்குக் குசினியில அலுவல் கிடக்கு" என்று சொல்லி என்னை, அவருடைய சாப்பாட்டுக்காக உங்கள் வீட்டில் கொதித்துக்கொண்டிருந்த நண்டுக் கறி கருகாமல் பார்த்துக்கொள்ள அனுப்பினீர்கள். பயிற்றப்பட்ட ஆசிரியை ஒருத்தி அன்று கற்பித்தது உங்கள் அடுப்புக்குத்தான். சோதனை முடிந்தது, எல்லாரும் சித்தி, வித்தியாதரிசி நண்டை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு உங்கள் முதுகில் தட்டினார்.

வெள்ளிக்கிழமைகளில் நான் திருகோணமலைக்கு வீட்டுக்குப் போவேன் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். இன்னொன்றையும் மறந்தீர்கள். வெளியே அனுப்பிய பிள்ளைகளைக் கோவிலுக்குப் பின்னால் பற்றைக்காட்டில் நிற்கச் சொல்லியிருந்தீர்கள். வெயில் ஏற ஏற ஊர்ப் பிள்ளைகள் பற்றைக்குள் நிற்குமா? எல்லாம் துறைக்கு வந்து, உடுப்போடு தண்ணீருக்குள் குதித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஜீப் பாதையில் ஏறியது, நானும் ஏறினேன். வித்தியாதரிசி கீழே பார்த்தார்.

"டேய், பள்ளிக்கூட நாளில என்னடா இஞ்ச செய்யிறீங்கள்?"

தலையிலிருந்து தண்ணீர் வடிய, ஒருமித்த குரலில், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே பதில் வந்தது. "எங்களுக்குக் காய்ச்சல், ஐயா!"

பாதைக்காரர்கள் வடத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நான் வித்தியாதரிசியின் முகத்தைப் பார்த்தேன். இப்போது உங்கள் கொடி இறங்கப்போகிறது என்று நினைத்தேன். அவரும் சிரித்தார், சேர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் உள்ளதுதானே, ரீச்சர்" என்றார். அவருக்கு முதலே தெரியும். அவருடைய அறிக்கையும் அழகாக இருக்கவேண்டாமா? நீங்கள் அவரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள், பாவம். அவ்வளவு பாடுபட்டு ஒளித்த ஒன்றை அவர் தேடவே இல்லை.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். "சிரிக்காதேங்கோ ஐயா. இதில ஒரு பிள்ளையை நீங்கள் இண்டைக்குச் சோதிச்சே ஆகவேணும். இல்லையெண்டால் அவளின்ர படிப்பு இண்டையோட முடிஞ்சுது."

"நான் வகுப்பை முடிச்சிட்டனே."

"பாதை அக்கரை சேரும் வரைக்கும் உங்களுக்கும் வேற வேலை இல்லை."

அவர் தோளைக் குலுக்கினார். சரி என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டு பூரணத்தைக் கூப்பிட்டு ஏற்றினேன். முதலில் வாசிக்கச் சொன்னார். அவள் வாய் பூட்டிக்கொண்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதச் சொல்லுங்கோ, ஐயா" என்றேன். சிலேற்றைக் கரையிலேயே விட்டுவிட்டாள். ஜீப்பின் முன்மூடியில் ரோட்டுப் புழுதி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. "இதில எழுது" என்று அவர் சும்மா கைகாட்டினார். அவள் சுட்டுவிரலால் எழுதத் தொடங்கினாள்.

அவர் ஒரு வசனம் சொன்னார், எழுதினாள். இன்னொன்று சொன்னார், எழுதினாள். தலைமயிரிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு சொல்லை அழித்துவிட்டது, பக்கத்தில் திரும்ப எழுதினாள். பிறகு கழித்தல், பிறகு நெடும்பிரித்தல். அதில் ஒரு இடத்தில் பிழைவிட்டு, நின்று யோசித்தாள். அப்போதுதான் கவனித்தேன், பாதை நகரவில்லை. வடம் இழுக்கிறவர்களில் ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார், மற்றவர்கள் வடத்தைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்கள். "என்ன, நிக்குது?" என்றார் வித்தியாதரிசி. "நீரோட்டம், ஐயா. பொறுங்கோ" என்றார் பீடிக்காரர். களப்பு அன்று வார்த்துவிட்ட எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. பூரணம் புழுதியை உள்ளங்கையால் தடவிப் பிழையை அழித்து, கணக்கை முடித்தாள். பாதை நகர்ந்தது.

"சித்தி" என்றார் அவர். அக்கரையில் ஜீப்பில் ஏறும்போது என்னிடம் மெதுவாக, "உங்கட தலைமை வாத்தியாரை நோகடிக்காதேங்கோ, அந்த மனுசன் நல்லா உழைக்கிறார்" என்றார். பூரணம் அதே பாதையில் திரும்பிப் போனாள்.

இதற்குப் பிறகு நீங்கள் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை சீரணிக்க முடியவில்லை. அறிக்கை வந்தது. நீங்கள் அனுப்பாத ஒரு பெயர் அதில் இருந்தது. கொஞ்சம் வெட்கப்படுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் பிள்ளைகள் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தி, "எங்கட பள்ளிக்கூடத்தில திக்குற பிள்ளையும் சித்தி!" என்று கைதட்ட வைத்தீர்கள். அவள் தகப்பனைக் கூப்பிட்டு, வித்தியாதரிசியிடம் தனியாகச் சொல்லிச் செய்வித்தது நீங்கள்தான் என்றீர்கள். அந்த மனிதர் கண் கலங்கிப்போய் அடுத்தநாள் ஒரு கூடை இறால் கொண்டுவந்தார். பெரிய இறால். நீங்கள் அதை வாங்கி, வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பல்லுக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தீர்கள். பொய் சொல்கிறவர்களை எனக்குப் பழக்கம்தான். சொன்ன பொய்யைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்ட ஆளை அன்றுதான் கண்டேன்.

பூரணம் இப்போது திருகோணமலையில் தபால் கந்தோரில் வேலை செய்கிறாள். இன்னும் திக்குகிறாள், முத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்கள் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். இன்று காலை அவளிடம் போய், மகன் கேட்ட கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எ... எழுதுங்கோ, ரீச்சர். ஆனா என்ர பேரைப் போடவேண்டாம்."

"ஏன் பிள்ளை? நீதானே அந்தக் கதை?"

"அ... அந்தாளின்ர புத்தகத்தில நான் இருக்கமாட்டன்." அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

உங்கள் மகன் இதை அச்சடிக்கமாட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, தகப்பன் சொன்னதை நம்பியது ஒரு குற்றமல்ல. வேறு யாராவது எழுதுவார்கள், படிக்கிறவர்கள் உருகுவார்கள். நீங்கள் முதலாந்தரத் தலைமை ஆசிரியராக ஓய்வுபெற்றீர்கள், பொன்னாடை போர்த்தினார்கள். நான் இலங்கைத்துறைப் பக்கம் ஓலை வேய்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் கடைசித் தரத்துத் தலைமை ரீச்சராக ஓய்வுபெற்றவள். ஒருமுறை பஸ் நிலையத்தில் என்னைக் கண்டு நிறுத்தினீர்கள். "உம்மட பள்ளிக்கூடத்தில அரைவாசியும் பெயிலாம். என்னட்ட வேலை பழகினனீர் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்றீர்கள். "ஓம் சேர், உங்களட்டத்தான் பழகினனான்" என்றேன். உங்களுக்கு விளங்கவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினீர்கள்.

ஆனால் அது உண்மை. இறந்தவரிடமிருந்து கிடைத்ததைச் சொல்லித்தான் இப்படியான மடலை முடிக்கவேண்டும் என்றால், எனக்குக் கிடைத்தது உங்கள் மேல் உள்ள இந்த வெறுப்பு. அதை நான் வீணாக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் சோதனை நாள் நெருங்கும்போது, என் பள்ளிக்கூடத்தின் பெறுபேறு கண்ணை உறுத்தும்போது, எனக்கும் ஆசை வந்திருக்கிறது. கடைசி வாங்குப் பிள்ளைகள் நாலு பேர் வராமல் விட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டிருக்கிறது. அப்போதெல்லாம் உங்களை நினைத்தேன். நீங்கள் அந்த இடத்தில் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்து, அதைச் செய்யாமல் விட்டேன். வேறு எந்தப் பெரிய மனிதரின் வழிகாட்டலும் எனக்கு இவ்வளவு உதவியதில்லை.

நான் ஓய்வுபெற்ற வருடம் கடைசிச் சோதனைக்கு ஒரு இளம் அதிகாரி வந்தார். பெறுபேற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பாதிக்கு மேல வாசிக்கத் தெரியாதே, ரீச்சர். இவையை ஏன் முன்வாங்கில வைச்சிருக்கிறீங்கள்?" என்றார். "முன்வாங்கில இருந்தால்தான் எனக்கு அவையின்ர வாய் தெரியும்" என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, முடிப்பதற்காகக் கேட்கிற கேள்வியைப் போல, "இண்டைக்கு வராத பிள்ளையள் எத்தனை பேர்?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

அவர் நம்பவில்லை. எழும்பிப்போய் வாங்கு வாங்காகத் தானே விரல் நீட்டி எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள், சேர்.